மூன்று வரிக்கு ஒரு சான்றிதழ்



முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்டலாம்.

எங்கள் உப்பூர்ப் பக்கம் குழந்தைத் திருமணத் தடுப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் சுவரொட்டி அடித்தது. வாசகம் எழுதிக்கொடுத்தது சென்னையில் உள்ள ஒரு விளம்பர நிறுவனம். 'இளவயதுத் திருமணம் தவிர்ப்போம், வளமான எதிர்காலம் படைப்போம்' என்று வந்தது. கூடவே கண்ணில் நீர் தளும்ப ஒரு கறுத்த சிறுமியின் படம். வழக்கமான படம்தான். நம் பிள்ளைகளை இவர்கள் ஒருநாளும் சிரிக்கவிட மாட்டார்கள். கள ஒருங்கிணைப்பு வேலை என்னிடம் இருந்ததால், சுவரொட்டியை எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அரசுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கச்சி அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். பார்த்துவிட்டு, "இதை யாருக்கா படிப்பா?" என்றாள். "அப்ப நீ எழுது" என்றேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கால்மணி நேரத்தில் எழுதினாள்:

வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.
திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை.
புள்ளைய எதுக்கு அனுப்பப் போறீக?

கீழே 1098 என்று குழந்தைகள் உதவி எண். அவ்வளவுதான். நான் அனுப்பினேன், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், மாவட்டம் முழுக்க ஒட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று ஆட்கள் அதை வாய்விட்டுப் படித்ததை நானே பார்த்தேன். தங்கச்சிக்கு என்ன கிடைத்தது? ஒரு பாராட்டுச் சான்றிதழ். அதிலும் பெயரில் ஒரு எழுத்து தப்பு. வாசகத்துக்கான பணம் அந்தச் சென்னை நிறுவனத்துக்கே போனது. பில்லில் 'கிரியேட்டிவ்' என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள்.

அவள் என்னிடம் ஏதும் கேட்கவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, "இதெல்லாம் ஒரு அனுபவம்மா" என்றேன். சமூகவியலில் முதுகலை படித்தவள், உழைப்புச் சுரண்டல் பற்றி மேடையில் பேசுகிறவள், வெட்கமில்லாமல் அப்படிச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, வெயிலுகந்த விநாயகர் கோயில் ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள்: "அக்கா, இந்த வேலைக்குப் பேரு என்ன? இதுக்குச் சம்பளம் உண்டா?"

பேர் இருக்கிறது. காபிரைட்டிங். சம்பளமும் உண்டு. அந்தச் சம்பளம் யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பொருளையோ சேவையையோ கருத்தையோ சனங்களிடம் கொண்டுபோகிற சொற்களை எழுதுவதுதான் காபிரைட்டிங். டிவி விளம்பரம், ரேடியோ ஸ்பாட், பாக்கெட்டின் பின்பக்கம், செல்போன் செயலியில் வருகிற அறிவிப்பு, அரசாங்கத்தின் விழிப்புணர்வுப் பலகை எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இதற்கென்று சட்டப்படி எந்தப் பட்டமும் தேவையில்லை. மருத்துவருக்கு எம்.பி.பி.எஸ். வேண்டும், வழக்கறிஞருக்குச் சட்டப் படிப்பு வேண்டும், இதற்கு எழுதத் தெரிந்தால் போதும். அப்படியானால் கதவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? பட்டம் கேட்காத வேலை என்றால் வேறு எதையோ கேட்கிறது என்று அர்த்தம்.

'படைப்பாற்றலுக்குச் சாதி கிடையாது.' இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் இது. நானும் ஒப்புக்கொள்கிறேன், படைப்பாற்றலுக்குச் சாதி கிடையாது. நியமன ஆணைக்கு உண்டு. பக்கத்து வீடான பத்திரிகைத் துறையின் கதையைப் பாருங்கள். 1996இல் பி.என்.உனியால் என்ற பத்திரிகையாளர், டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிளம்பினார். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலைப் புரட்டியும் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார். பத்தாண்டு கழித்து, 2006இல், டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடி இல்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106 பேர் உயர்சாதியினர். தலித்தும் பழங்குடியும் மறுபடியும் பூஜ்யம். 23 ஆண்டுகளில் டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்து அதுவும் போய் செல்போன் வந்துவிட்டது, இந்தப் பூஜ்யம் மட்டும் அப்படியே இருக்கிறது.

செய்தி என்றாலாவது 'நடுநிலை' என்று ஒரு கூச்சம் வேண்டியிருக்கிறது. விளம்பரத்துக்கு அந்தக் கூச்சமும் கிடையாது. 2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். சொமேட்டோ ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. 2001இல் வந்த 'லகான்' படத்தில் தீண்டப்படாதவராக வரும் பாத்திரத்தின் பெயர் கச்ரா. இந்தியில் குப்பை என்று பொருள். அதே நடிகரைக் கூப்பிட்டு, மறுசுழற்சி செய்த குப்பை என்று அவரை மேசையாக, விளக்காக, பூந்தொட்டியாக உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். எதிர்ப்பு வந்தது, படத்தைத் திரும்பப் பெற்றார்கள், தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. புண்படுத்துவது எங்கள் நோக்கமில்லை என்றார்கள்.

நோக்கம் இல்லை என்பதை நான் நம்புகிறேன். அதுதான் பயங்கரம். ஒரு விளம்பரப் படம் தனியாள் வேலை அல்ல. யோசனை சொல்ல ஒருவர், அதை எழுத ஒருவர், எழுதியதைப் பார்த்துச் சரி சொல்ல மேலே ஒருவர், பணம் கொடுக்கும் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் ஆட்கள், இயக்குநர், கேமராக்காரர், எடிட்டர் என்று எத்தனை கண்கள்! அத்தனை பேரில் ஒருவருக்காவது வயிற்றைப் பிசைந்திருந்தால் அந்தப் படம் அந்த அறையை விட்டு வெளியே வந்திருக்காது. பிசைகிற வயிறு அந்த அறையில் இல்லை. எனவே 'ஏன் எங்களுக்கு இந்த வேலை வேண்டும்' என்று யாராவது கேட்டால் நான் வறுமைக் கதை சொல்ல மாட்டேன். எங்களைத் திரையில் குப்பையாக உட்காரவைப்பதை முதல் கூட்டத்திலேயே நிறுத்த எங்கள் ஆள் அந்த அறையில் வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னொரு வகையிலும் புரியும். ராம்நாடு என்றால் அருவா, தண்ணியில்லாக் காடு, தண்டனை மாறுதல். இதையெல்லாம் நாமா எழுதினோம்? நம் ஊருக்கு ஒருநாளும் வராத ஆட்கள் எழுதி எழுதி, நம் பிள்ளைகளே வெளியூர்க் கல்லூரியில் ஊர்ப் பெயர் சொல்லத் தயங்குகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, கதவு எப்படி அடைபடுகிறது? 'உங்கள் சாதிக்கு இடமில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'ஆறு மாதம் இன்டர்ன்ஷிப், உதவித்தொகை கிடையாது, நல்ல எக்ஸ்போஷர்' என்பார்கள். உப்பூரிலிருந்து போகிற பிள்ளைக்குச் சென்னையில் விடுதியும் சாப்பாடும் பஸ் கட்டணமும் சேர்த்து எவ்வளவு சுருக்கினாலும் மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ஆகும். ஆறு மாதத்துக்கு ஐம்பதாயிரம், அறுபதாயிரம். வேலிக்கருவை வெட்டி, கரிமூட்டம் போட்டு, புகையில் கண் எரிய நிற்கிற அப்பன் அந்தப் பணத்தை எங்கே போய் எடுப்பான்? அண்ணாநகரில் சொந்த வீடு இருக்கிற பிள்ளைக்குச் சம்பளமில்லாத ஆறு மாதம் ஒரு விடுமுறை. நம் பிள்ளைக்கு அது கந்துவட்டி. சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் என்பது நுழைவுத் தேர்வேதான். அங்கே சோதிப்பது எழுத்தை அல்ல, அப்பன் சொத்தை.

அடுத்தது ஆங்கிலம். தமிழ் விளம்பரம் எழுத வருகிறவரிடமும் நேர்காணல் ஆங்கிலத்தில்தான். மும்பையில் இந்தியில் யோசித்து, இந்தி வாயசைவுக்குப் படம் பிடித்து, கடைசி நேரத்தில் தமிழுக்கு மாற்றச் சொல்வார்கள். அதனால்தான் நம் டிவியில் அம்மாக்கள் யாரும் பேசாத ஒரு தமிழைப் பேசிக்கொண்டு சோப்பு வாங்குகிறார்கள். இந்த மாற்றும் வேலையை மொழிபெயர்ப்பு என்று சொல்லி, சொல்லுக்கு இத்தனை பைசா என்று கொடுக்கிறார்கள். யோசனைக்கு ஒரு விலை, அந்த யோசனைக்குத் தமிழில் உயிர் கொடுப்பதற்கு அதில் சில்லறை. இந்த வேலை கிடைத்தால் செய்யுங்கள், உள்ளே நுழைய அது ஒரு வழி. ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள். சொந்த யோசனையோடு போய் நில்லுங்கள்.

பிறகு அந்தப் பொதுச் சொல், 'கல்ச்சர் ஃபிட்'. எங்கள் அலுவலகச் சூழலுக்குப் பொருந்துவாயா என்பது. நீ எந்த ஏரியா, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், அப்பா என்ன பண்றார். மூன்று கேள்வியில் சாதிச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். தாசில்தார்கூட இவ்வளவு வேகம் கிடையாது.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். கோபப்படாதீர்கள்.

நம் இயக்கத்துப் பெரியவர்கள் சிலரிடம் விளம்பரத் துறை என்றாலே ஒரு முகச்சுளிப்பு. 'முதலாளிக்குச் சோப்பு விற்கவா நம் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம்? குரூப் 4 எழுதச் சொல்லுங்கள்.' குரூப் 4 எழுதுவதை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். இடஒதுக்கீட்டில் ஒரு வி.ஏ.ஓ. வேலை ஒரு குடும்பத்தை எங்கே தூக்கி வைக்கிறது என்பதை வீட்டுக்கு வீடு பார்த்தவள் நான். ஆனால் விளம்பரம் நமக்கு ஆகாதது என்று சொல்கிறவர்கள் நம் வரலாற்றையே சரியாகப் படிக்கவில்லை.

1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். இதழ் வருகிறது என்ற அறிவிப்பை, காசு கொடுத்தே, திலகர் தொடங்கிய 'கேசரி'யில் விளம்பரமாகப் போடக் கேட்டார்கள். கேசரி மறுத்துவிட்டது. கட்டுரை போடு என்று கேட்கவில்லை, நன்கொடை கேட்கவில்லை. கட்டணம் கட்டிய விளம்பரம். அதற்குக்கூட இடமில்லை. திலகர் அப்போது உயிரோடு இருக்கிறார். இந்த நாட்டில் விளம்பரத்தில் தீண்டாமையைச் சந்தித்த முன்னோடிகளில் ஒருவர் பாபாசாகேப். விளம்பரம் அற்பமான விஷயம் என்றால் அவர் ஏன் கேட்டிருக்கப் போகிறார்? அவர்கள்தான் ஏன் மறுத்திருக்கப் போகிறார்கள்?

அதற்கும் முன்னால், 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைக் கொண்டுவந்தார். ஊர் இழிவாகச் சொன்ன சொல்லை எடுத்து முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டார். விளம்பரத்துக்கும் அச்சுக்குமாக முதலில் செலவானது பத்து ரூபாய்தான் என்றும், இரண்டு நாளில் சுமார் நானூறு பிரதிகள் விற்றன என்றும் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்துவிட்டார்! வாங்குகிறவன் யார், அவன் மடியில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்தவர் வைத்த பெயர் அது. இன்றைக்கு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு பெயர் வைத்துக்கொடுக்கிற நிறுவனங்கள் அதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

ஆக, இது நமக்குப் புதிய தொழில் இல்லை. சொல்லப்போனால் இப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம், பெயர்தான் தெரியாது. ராமநாதபுரத்திலோ ஆர்.எஸ்.மங்கலத்திலோ ஒரு ஃபிளெக்ஸ் கடையில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு, கபடிப் போட்டி. கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற பையன் படமும் வைப்பான், எழுத்தும் தேர்வான், வாசகமும் சொல்வான். இமானுவேல் சேகரனாரின் நினைவு நாளான செப்டம்பர் 11 நெருங்கும்போது பாருங்கள். பத்தடிப் பேனரில் ஒரு வரி. அதில் மானம் இருக்க வேண்டும், வழக்கு வரக்கூடாது, பக்கத்துத் தெருக்காரன் சண்டைக்கு வர இடம் கொடுக்கக் கூடாது, பார்க்கிற நம் பிள்ளை நெஞ்சு நிமிர வேண்டும். இத்தனை நிபந்தனையோடு ஒரு வரி எழுதுகிறவனை எந்த விளம்பர நிறுவனத்தின் தேர்விலும் நம்பி உட்காரவைப்பேன். அவனுக்குக் கிடைப்பது பேனருக்கு இவ்வளவு என்று ஒரு கூலி. வாசகத்துக்குத் தனியாகக் காசு உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களும் இதே சுவரில்தான் முட்டினார்கள். டாம் பரெல் என்பவர் 1960 வாக்கில் சிகாகோவின் ஒரு விளம்பர நிறுவனத்தில் தபால் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்தே காபிரைட்டராகி, 1971இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். தபால் பிரித்தாலும் அது கூலி உள்ள வேலை என்பதைக் கவனியுங்கள். ஓசி இன்டர்ன்ஷிப் இல்லை. ஒருவர் ஜெயித்தால் சுவர் விழுந்துவிடுமா? விழவில்லை. 2006இல் நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தி, 16 பெரிய விளம்பர நிறுவனங்களிடம், கறுப்பின மக்களை வேலைக்கு எடுப்போம் என்று ஒப்பந்தம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அங்கே கணக்கு கேட்க ஓர் ஆணையம் வந்தது. இங்கே அரசாங்கத்தின் விளம்பரப் பணத்தை வாங்குகிற நிறுவனங்களிடம்கூட 'உங்கள் அலுவலகத்தில் எத்தனை எஸ்.சி., எத்தனை எஸ்.டி.?' என்று யார் கேட்கிறார்கள்? தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேசும்போது ஐ.டி. கம்பெனியோடு நிறுத்திக்கொள்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விழிப்புணர்வு விளம்பரம் எழுதுகிற நிறுவனத்தில் அந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ அவர்களில் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்பது ஒன்றும் அதீதமான கேள்வி அல்ல.

கேள்வி கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு மார்க் ஷீட்டை விட, எழுதிய மாதிரிகள் அடங்கிய ஒரு கோப்புதான் பேசும். யாரும் வேலை கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கற்பனையாக எழுதலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வீட்டுப் பெண்கள் கூலிக்குப் பறிக்கிற மிளகாய்தான். கமிஷன் கடைக்கு மூட்டையாகப் போகிற அதை ஒரு பாக்கெட்டில் போட்டு விற்றால் பாக்கெட்டில் என்ன எழுதுவாய்? ரேடியோவில் 30 நொடி கொடுத்தால் என்ன சொல்வாய்? 30 நொடிக்கு ஐம்பது, அறுபது சொல்லுக்கு மேல் பேச முடியாது, வாட்சைப் பார்த்து வாய்விட்டு வாசித்துப் பார். கருவாடு, பனங்கற்கண்டு, ஊர் டெய்லர் கடை என்று பத்து எழுது. ஐந்து தேறும். சில நிறுவனங்கள் பட்டத்தைப் பார்க்காமல் 'காபி டெஸ்ட்' என்று கேள்வித்தாள் கொடுத்து ஆள் எடுக்கும், அதற்கு இந்தப் பயிற்சி போதும். ஆங்கிலம் கற்றுக்கொள், அதில் வீம்பு வேண்டாம். ஆனால் தமிழில் யோசித்ததை ஆங்கிலத்தில் விளக்குகிற அளவுக்கு இருந்தால் போதும். தமிழில் எழுதத்தான் உன்னை எடுக்கிறார்கள்.

படம், வடிவமைப்பு, சினிமா என்று போக நினைக்கிறவர்களுக்கு: 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி. இவை அரசு நிறுவனங்கள், இடஒதுக்கீடு உண்டு, தனியார் விஸ்காம் கல்லூரிகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. பா.இரஞ்சித் சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் படித்து வந்தவர்தான். அவர் வந்த பிறகு 'பரியேறும் பெருமாள்' வந்தது, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது, நீலம் வந்தது. ஒரு ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளுக்கு நர்சிங், பி.காம்., பாலிடெக்னிக் தவிர இப்படியும் கல்லூரிகள் இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லை. வழிகாட்டல் முகாம் நடத்துகிற தோழர்கள் இதையும் நோட்டீஸில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. உள்ளே போனபின், 'நீ அந்தக் கம்யூனிட்டிதானே, இந்த அம்பேத்கர் ஜெயந்தி போஸ்ட் எழுது' என்று ஏப்ரல் 14க்கு மட்டும் தேடுவார்கள். எழுது. கூடவே கார் விளம்பரத்தையும், காபித்தூள் விளம்பரத்தையும் கேட்டு வாங்கு. நம் வலியை எழுத மட்டும் நம்மை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாச் சந்தோஷத்தையும் அவர்களே எழுதுவது என்ன நியாயம்?

கடைசியாக, தொண்டு நிறுவனங்களுக்கும், கட்சிகளுக்கும், இயக்கங்களுக்கும், எனக்கும். நோட்டீஸ் எழுத, போஸ்டர் வடிவமைக்க, மாநாட்டு வீடியோ வெட்ட நம் பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறோம். மேடைக்காரருக்கு வாடகை கொடுக்கிறோம், மைக் செட்டுக்குக் கொடுக்கிறோம், பிரியாணிக்குக் கொடுக்கிறோம். எழுதியவனுக்கு 'தோழர், சமூகத்துக்காகத்தானே' என்கிறோம். சென்னை நிறுவனத்தின் சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இயக்கத்தால் கொடுக்க முடிந்தது முந்நூறு ரூபாய் என்றால் முந்நூறு கொடுங்கள். ஒரு ரசீது கொடுங்கள். முதல்முறை எழுத்துக்குக் காசு வாங்கிய பிள்ளைதான் இரண்டாவது முறை அதை வேலை என்று நினைக்கும்.

நான் அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். சான்றிதழை அந்தத் தங்கச்சியே திருப்பி அனுப்பிவிட்டாள், பெயரைத் திருத்தித் தரச் சொல்லி அல்ல, கூடவே ஒரு பில் வைத்து: 'வாசகம், மூன்று வரி, ரூ. 3,000.' பில் எப்படிப் போடுவது என்று செல்போனில் பார்த்து அவளே தயாரித்தாள். பதில் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை.

போன வாரம் எங்கள் படிப்பு மைய ஆண்டு விழாவுக்கு ஒரு நோட்டீஸ் வாசகம் வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்:

"எவ்வளவுக்கா குடுப்பீங்க?"

ஐந்நூறு என்றேன். "பாதி முன்பணம்" என்றாள். கொடுத்தேன்.